அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்!

நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை ஏர்ஹாரன் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், ‘புள்ள வளர்த்திருக்கா பாரு!’ என்று அம்மாவுக்கு அர்ச்சனை. பெரம்பலூர்-அரியலூர் ரூட்டில் நானே கேட்டிருக்கிறேன். பிள்ளை மூக்கும் முழியுமாக இருக்கிறதே, அதுதான் கோளாறு! சட்டத்துக்கே ரொம்ப நாள் கண் தெரியவில்லை. 1995-ல் வந்த சட்டத்தில் ஊனம் 7 வகை, ஆட்டிசம் அதில் கிடையாது. 2016 சட்டத்தில்தான் 21 வகையாகி, அதுவும் சேர்ந்தது.

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளைச் சின்ன வயசிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பது என் உத்தியோகம். இதில் எனக்குப் பெரிய போட்டி, வீட்டிலிருக்கும் அப்பாயி. “இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான். இப்ப வாய மூடுறானா?” அப்பா பெருமையாகச் சிரிப்பார். (வந்திருந்தால்! பெரும்பாலும் ஆபீஸில் லீவு கிடைப்பதில்லை.)

கணக்கு சிம்பிள் சார். ஒரு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பணும். ஒன்றரை வயசில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டணும். இரண்டு வயசில் ‘அம்மா வா’, ‘பால் குடு’ என்று இரண்டு வார்த்தை சேரணும். இல்லையா, முதலில் காது டெஸ்ட். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் மறுநாளே கிளம்புங்கள். முதல் மூன்று வருஷம் மூளை மளமளவென்று வளர்கிற காலம். அப்புறமும் பயிற்சி பலன் தரும், ஆனால் பாடு அதிகம்.

2013-ல் மத்திய சர்க்கார் ‘ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம்’ ஆரம்பித்தது. (பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை.) மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கணும். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பணும். காசு கிடையாது. ஆனால் செந்துறைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு! வாராவாரம் எப்படி வருவாள்?

அதனால் பாடத்தை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம். பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. உரிக்கும்போது பிள்ளையை எதிரே உட்கார வைத்து ‘ஒண்ணு குடு’ என்று கை நீட்டணும். அவசரப்படாமல் காத்திருக்கணும். கொடுத்தால் ‘இன்னொண்ணு’. பத்து ரூபாய் வெங்காயத்தில் ஒரு மணி நேர ஸ்பீச் தெரபி!

அரியலூர்ப் பக்கம் இரண்டரை வயசுப் பயல் ஒருவன். பொம்மையைத் தொடமாட்டான், சிமென்ட் லாரியை மட்டும் பார்ப்பான். “பக்கத்துல உக்காந்து, லாரி வரும்போதெல்லாம் ‘லாரி’ன்னு சொல்லும்மா, போதும்” என்றேன். நாலு மாசம் கழித்து ‘ஆயி’ என்றான். அப்பாயி, தன்னைத்தான் கூப்பிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

மறுவாரம் முதல் தடவையாக அப்பா லீவு போட்டு வந்தார். உட்காரக்கூட இல்லை.

“என்னை எப்ப சார் கூப்பிடுவான்?”