பாலத்தடி உயரத்தை முறையாக அளந்து அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர், நெடுஞ்சாலைகள் மற்றும் சிறு துறைமுகங்கள் துறை, போக்குவரத்து ஆணையர், பொது மேலாளர், தெற்கு ரயில்வே.

அனுப்புநர்: லாரி உரிமையாளர், ஓட்டுநர் சங்கம்.

பாலத்தடிப் பலகையில் எழுதப்பட்டுள்ள உயரம், அது அளக்கப்பட்ட நாளின் உயரம். அதன்பின் சாலைக்குத் தார் போடப்போட இடைவெளி குறைகிறது. பலகையில் உள்ள எண் குறைவதில்லை. மேலடுக்கு ஒன்றே பொதுவாக 3 முதல் 5 செ.மீ. கனம். பழையதைச் சுரண்டாமல் மூன்று முறை போட்டால் 9 முதல் 15 செ.மீ. போய்விடும். பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத் தளம் போட வேண்டும் என்று தமிழ்நாடு தலைமைச் செயலாளர் 2021-இல் அறிவுறுத்தினார். வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விடுகின்றன என்ற கவலையே அதன் பின்னணி. பாலத்தடிக்கு அந்த அறிவுரை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஆகவே பாலத்தின் அடியிலும் இரு அணுகுசாலைகளிலும் சுரண்டாமல் தார் போடுவதை ஒப்பந்த நிபந்தனையிலேயே தடை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை தளம் போட்டதும் உயரத்தை மறுபடி அளந்து, அளந்த தேதியோடு எழுத வேண்டும். சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை இதுவே.

புதிய மேம்பாலங்களில் சிக்கல் இல்லை. கீழ்ப்பாதைகளுக்கு ஊர்ப்புறத்தில் 5 மீட்டரும் நகர்ப்புறத்தில் 5.5 மீட்டரும் உயரம் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரஸின் தரநூல். பழைய ரயில்வே கீழ்ப்பாலங்களும், ரயில்வே கேட்டுகளை மூடிவிட்டுக் கட்டப்படும் குறை உயரச் சுரங்கப்பாதைகளுமே தொல்லை தருகின்றன. மின்மயமான பாதையின் கேட்டில் நிற்கும் உயரக் கம்பி 4.67 மீட்டர். உயர்வகைக் கண்டெய்னர் ஏறத்தாழ 2.9 மீட்டர்; 1.5 மீட்டர் தட்டுள்ள டிரெய்லரில் அதை ஏற்றினால் 4.4 மீட்டர் ஆகும். நேற்றுவரை கேட்டைக் கடந்த அந்த வண்டி, அதே இடத்தில் வரும் தாழ்ந்த சுரங்கப்பாதையில் நுழைய முடியாது. கேட்டுகளை மூடுவது உயிர்காக்கும் வேலை, அதில் மறுப்பில்லை. மாற்றுவழியைக் குறித்து அறிவித்த பிறகே மூட வேண்டும் என்பதே கோரிக்கை.

அளக்கும் முறையிலும் குறை உண்டு. சுரங்கப்பாதை சரிவில் இறங்கி மறுபடி ஏறுகிறது. நீண்ட டிரெய்லரின் முன்சக்கரம் ஏற்றத்திலும் பின்சக்கரம் இறக்கத்திலும் நிற்கும்போது அதன் நடுப்பகுதி தரையிலிருந்து எழும்பி நிற்கும். சக்கரங்களுக்கிடையே 12 மீட்டர் உள்ள வண்டிக்கு, 200 மீட்டர் ஆரமுள்ள குழிவில் இது 9 செ.மீ. வரும். லோடு இறக்கிய லாரி ஸ்பிரிங் தளர்ந்து உயர்வதும் உண்டு. போகும்போது நுழைந்த வண்டி திரும்பும்போது சிக்குவது இதனால்தான். செங்கல் வளைவுப் பாலங்களில் நடுவில் உள்ள உயரம் ஓரத்தில் இருக்காது. எனவே மிகத் தாழ்ந்த இடத்தை அளந்து, குழிவுக்கும் தளர்வுக்கும் உரிய அளவைக் கழித்துவிட்டே பலகையில் எண் எழுத வேண்டும்.

பலகை நிற்கும் இடமும் முக்கியம். பாலத்தின் முகப்பில் மட்டும் அதை வைப்பதால் பயன் குறைவு. பின்னால் வாகனங்கள் நெருக்கி நிற்க, டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது நடக்காத காரியம். வண்டி விலகிப் போகக்கூடிய கடைசிச் சந்திப்பிலேயே முதல் பலகை வேண்டும். பாலத்துக்கு முன் உள்ள கனத்த இரும்புச் சட்டத்தில் மோதுவதும் விபத்தே. அதற்கும் முன்னதாகத் தொங்கு சங்கிலிகள் இருந்தால் சத்தமே ஓட்டுநரை எச்சரிக்கும். ரயில் பாலத்தில் மோதல் நேர்ந்தால் தண்டவாளம் விலகியிருக்கலாம். அடுத்த ரயிலை நிறுத்த, பாலத்தின் எண்ணும் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அங்கேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அனுமதித்த உயரத்தை மீறி வைக்கோலும் தேங்காய் நாரும் ஏற்றுவதைச் சங்கம் ஆதரிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு அதற்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதே சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைத் தரக்குறைவால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஓட்டுநர்மீது பாயும் வேகம் மறுபக்கமும் வேண்டும். பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் உயரம் ஓட்டுநர் கண்ணில் படும்படி கேபினில் எழுதப்படுகிறது, எஃப்.சி. எடுக்கும்போது இங்கும் அதைக் கட்டாயமாக்கினால் உரிமையாளர்கள் உடன்படுவார்கள்.

பாலம் ரயில்வேயுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதோ உள்ளாட்சியுடையதோ. பலகை யாருடையது என்பதில்தான் வேலை நின்றுபோகிறது. மாவட்டந்தோறும் இத்துறைகளின் பொறியாளர்கள் கூட்டாக ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக எல்லாத் தாழ்ந்த பாலங்களையும் அளந்து, பட்டியலை ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும் ஒட்ட ஆணையிடுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.