லாரியில் போன 117 டிரோன்கள்: ரஷிய விமானதளங்களை பதம் பார்த்தது எப்படி?

மர வீடு என்று சொல்லி லாரியில் லோடு ஏற்றினார்கள். கூரை திறந்தபோது உள்ளே இருந்து பறந்து வந்தது குண்டு.

2025-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி ரஷியாவில் நடந்தது இதுதான். உக்ரைன் உளவுத்துறை அனுப்பிய 117 குட்டி விமானங்கள், ரஷியாவின் 5 பகுதிகளில் உள்ள ராணுவ விமானதளங்களை ஒரே நாளில் குறி வைத்தன. இந்த தாக்குதலுக்கு உக்ரைன் வைத்த பெயர் "சிலந்தி வலை".

டிரோன் என்று சொல்லப்படும் இந்த ஆள் இல்லா குட்டி விமானங்கள், கல்யாண வீட்டில் படம் எடுக்க பறக்க விடுவார்களே, கிட்டத்தட்ட அந்த ரகம்தான். கேமராவோடு கொஞ்சம் வெடிமருந்தும் கட்டி விட்டால் ஆயுதம் ஆகி விடும். நம்ம ஊர் பணத்தில் ஒன்றுக்கு லட்ச ரூபாய் கிட்டே ஆகும். அது போய் மோதியதோ, பல நூறு கோடி மதிப்புள்ள குண்டு வீச்சு விமானங்கள் மீது!

டிரைவருக்கே தெரியாது

இதற்கான திட்டம் ஒன்றரை ஆண்டுகளாக தயாரானது என்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கி அறிவித்தார். உக்ரைன் உளவுத்துறைக்கு அப்போது தலைவராக இருந்த வாசில் மால்யுக் நேரடியாக மேற்பார்வை செய்தார்.

டிரோன்களை ரகசியமாக ரஷியாவுக்குள் கடத்தினார்கள். பிறகு சின்ன சின்ன மர வீடுகளின் கூரைக்கு அடியில் அவற்றை அடுக்கினார்கள். அந்த வீடுகளை சாதாரண சரக்கு லாரிகளில் ஏற்றி விட்டார்கள்.

லாரி டிரைவர்களுக்கு விஷயமே தெரியாது. மர வீட்டை கொண்டு போய் இறக்கணும், வாடகை வாங்கணும் என்றுதான் கிளம்பினார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று வழியில் போன் வந்ததாக அவர்கள் கூறியதை ரஷிய ஊடகங்கள் வெளியிட்டன.

விமானதளத்துக்கு பக்கத்தில் லாரி நின்றதும் மர வீட்டின் கூரை தானாக திறந்து கொண்டது. ஒன்றன் பின் ஒன்றாக டிரோன்கள் கிளம்பின. அவற்றை ஓட்டியவர்கள் வேறு எங்கோ உட்கார்ந்து இருந்தார்கள். ரஷியாவின் செல்போன் டவர்கள் வழியாகவே படம் பார்த்து ஓட்டி இருக்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று புரியாமல் திகைத்த பொதுமக்கள், லாரியில் இருந்து கிளம்பிய டிரோன்கள் மீது கல் வீசிய வீடியோ கூட வெளியானது.

ஏன் தடுக்க முடியவில்லை?

ரஷியாவிடம் ரேடார் இல்லையா? ஏவுகணை இல்லையா? எல்லாம் இருந்தது. ஆனால் அவை எல்லாம் தூரத்தில் இருந்து வரும் பெரிய விமானங்களையும் ஏவுகணைகளையும் பிடிக்க வைத்தவை.

தாக்கப்பட்ட பெலாயா விமானதளம் சைபீரியாவில் இர்குட்ஸ்க் பகுதியில் இருக்கிறது. உக்ரைனில் இருந்து 4 ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் எவன் வரப்போகிறான் என்ற நம்பிக்கையில் விமானங்களை வெட்ட வெளியில் வரிசையாக நிறுத்தி இருந்தார்கள். எதிரி வானத்தில் வரவில்லை. ரோட்டில் வந்தான். காம்பவுண்டு சுவர் பக்கத்தில் இருந்து தாழ்வாக பறந்து வரும் டிரோனை ரேடார் கண்டுபிடிப்பதற்குள் வேலை முடிந்து விடும்.

வடக்கே முர்மான்ஸ்க் பகுதியில் உள்ள ஒலென்யா தளத்திலும் விமானங்கள் எரிந்தன. ரியாசான், இவானோவோ பகுதிகளில் தாக்குதலை முறியடித்து விட்டதாக ரஷிய ராணுவ அமைச்சகம் கூறியது. அமூர் பகுதிக்கு போன லாரி, இலக்கை தொடும் முன்பே தீப்பிடித்தது.

எத்தனை விமானம் காலி?

இதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. 41 விமானங்களை தாக்கியதாக உக்ரைன் சொன்னது. நஷ்டம் 700 கோடி டாலர் என்றும் கூறியது. 20 விமானங்கள் வரை அடி பட்டன, அதில் 10 முழுசாக நாசம் என்று அமெரிக்க அதிகாரிகள் மதிப்பிட்டனர். சேதமான விமானங்களை சரி செய்து விடுவோம் என்றது ரஷியா.

எந்த கணக்கை எடுத்தாலும் அடி பலம்தான். டி.யு.95, டி.யு.22 ரக விமானங்கள் 1990-களுக்கு பிறகு புதிதாக தயாரிக்கப்படவில்லை. எரிந்து போனால் போனதுதான். உக்ரைன் நகரங்கள் மீது ஏவுகணை வீச ரஷியா பயன்படுத்திய விமானங்கள் இவை.

முன்பே அடித்த மணி

இது ரஷியாவுக்கு புதிது என்றும் சொல்ல முடியாது. 2018-ம் ஆண்டு ஜனவரியில் சிரியாவில் உள்ள ரஷிய ராணுவ தளங்களை 13 டிரோன்கள் தாக்க வந்தன. 7 டிரோன்களை சுட்டு விட்டோம், 6 டிரோன்களை மடக்கி விட்டோம் என்றது ரஷியா. அன்று அடித்த எச்சரிக்கை மணி, சைபீரியா வரை கேட்கவில்லை.

இந்தியாவிலும் நடந்து இருக்கிறது. 2021-ம் ஆண்டு ஜூன் 27-ந்தேதி அதிகாலை ஜம்மு விமானப்படை தளத்தில் டிரோன் மூலம் 2 குண்டுகள் வீசப்பட்டன. 2 வீரர்கள் லேசான காயம் அடைந்தனர். ஒரு கட்டிடத்தின் மேற்கூரை சேதம் அடைந்தது. நாட்டில் ராணுவ தளம் மீது நடந்த முதல் டிரோன் தாக்குதல் அது. அன்று வந்தது 2 குண்டு. 4 ஆண்டில் ரஷியாவில் வந்தது 117 டிரோன்.

யார் தலையில் விடிகிறது?

இதற்கு மருந்து என்ன? விமானத்தை கூரை போட்ட கொட்டகையில் நிறுத்தணும். வலை கட்டணும். டிரோனின் சிக்னலை முடக்கும் கருவி வைக்கணும். கேட்க எளிதாக இருந்தாலும், பெரிய நாட்டில் ஒவ்வொரு தளத்திலும் செய்து முடிக்க பெரும் பணமும் பல வருஷமும் பிடிக்கும்.

அதுவரை கெடுபிடி எல்லாம் சாதாரண ஜனங்கள் மீதுதான். தாக்குதல் முடிந்த கையோடு ரஷியாவில் லாரிகளை மடக்கி சோதனை போட்டார்கள். ரோட்டில் நீண்ட வரிசை நின்றது. டிரோன் பயத்தில் செல்போன் இன்டர்நெட்டையும் 2025-ம் ஆண்டில் பல பகுதிகளில் அடிக்கடி துண்டித்தார்கள். கார்டு தேய்த்து சாமான் வாங்க முடியவில்லை. டாக்சி கூப்பிட முடியவில்லை.

நாட்டில் ஓடும் லாரி எத்தனை? அத்தனையையும் பிரித்து பார்க்க எந்த போலீசாலும் முடியாது. பார்க்காமல் விடவும் முடியாது. உக்ரைனின் அந்த ஒரு நாள் வேலை, ரஷியாவை இந்த இக்கட்டில்தான் நிறுத்தியது.

விமானத்துக்கு கொட்டகை கட்டும் செலவை அரசாங்கம் கணக்கு எழுதி விடும். சோதனை வரிசையில் நாள் பூரா நிற்கும் டிரைவருக்கு போகும் கூலியை மட்டும் எந்த நாட்டிலும் யாரும் எழுதி வைப்பது இல்லை.