தந்தையும் குழந்தையும் குறி பார்க்கட்டும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்கி நிற்கும் வழக்கம் நமது ஜனங்களுக்கு இயற்கையில் அமைந்ததன்று. 1878-ம் வருஷத்தில் லிட்டன் பிரபுவின் சர்க்கார் இயற்றிய ஆயுதச் சட்டத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. ஐரோப்பியர் தடையின்றி ஆயுதம் வைத்துக்கொள்ள, இந்நாட்டில் பிறந்தவன் மட்டும் லைசென்ஸுக்காக அதிகாரியின் வாசலில் காத்து நிற்க வேண்டியதாயிற்று. இந்த அவமானத்தை எதிர்த்துக் காங்கிரஸ் பல காலம் போராடியது. 1931-ல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. விடுதலைக்குப் பின் 1959-ல் பழைய சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. ஆனால் சட்டம் போயும் அச்சம் போகவில்லை.

எல்லோர் கையிலும் ஆயுதம் இருக்க வேண்டுமென்று நாம் இங்கு வாதாட வரவில்லை. நாம் சொல்ல வருவது ஒரு விளையாட்டைப் பற்றி. காற்றின் விசையால் சிறு ஈயக் குண்டைச் செலுத்தி, 10 மீட்டர் தூரத்திலுள்ள அட்டையில் குறி தவறாமல் அடிக்கும் பந்தயம் அது. ரைபிள் பந்தயத்துக்குரிய அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதை நோக்கி 60 முறை நின்றபடி சுட வேண்டும். இதில் ஓட்டமில்லை, மோதலில்லை. மூச்சையும் மனத்தையும் அடக்கி, கால் முதல் தலை வரை அசையாமல் நிற்பவனே வெல்வான். இதனை யோகாப்பியாசத்துக்கு அடுத்த படி என்று சொன்னாலும் மிகையாகாது.

இவ்வித்தையில் நமது தேசம் பின்தங்கியதுமன்று. 2008-ல் பீஜிங் நகரில் அபினவ் பிந்த்ரா இந்த 10 மீட்டர் ரைபிள் பந்தயத்திலேதான் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் தங்கத்தைப் பெற்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-ல் லண்டனில் வெண்கலம் பெற்றார். 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் என்ற யுவதி ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் வென்றார். அங்கேயே வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். நமது கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ நகரில் உலகக் கோப்பைப் பந்தயத்தில் தங்கம் வென்று, பின்னர் இரண்டு ஒலிம்பிக்குகளில் தேசத்துக்காக நின்றார். அவர் தேர்ச்சி பெற்று வளர்ந்தது குஜராத்தில் என்பதைத் தமிழர் கவனிக்க வேண்டும்.

மற்ற விளையாட்டுகளில் மகன் ஆடத் தந்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார். நாற்பது வயதுக்காரர் பன்னிரண்டு வயதுச் சிறுமியுடன் சமமாக ஓட முடியாது. ஓடினாலும் அது போட்டியாகாது. குறி பார்க்கும் வரிசையிலோ வயதும் உயரமும் தேக பலமும் அவ்வளவாகச் செல்லா. ஒரே தூரம், ஒரே அட்டை. ஸ்வீடன் தேசத்து ஆஸ்கார் ஸ்வான் என்பவரும் அவர் மகன் ஆல்பிரெட்டும் 1908-ல் லண்டனிலும் 1912-ல் ஸ்டாக்ஹோமிலும் ஒரே அணியில் நின்று தங்கம் வென்றார்கள். 1920-ல் மீண்டும் மகனோடு நின்று வெள்ளி பெற்றபோது தந்தைக்கு வயது 72. ஜார்ஜியா தேசத்து நீனோ சலுக்வாட்ஸே 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தம் மகனுடன் கலந்துகொண்டார். அவருக்கே இவ்வித்தையைப் பயிற்றியவர் அவருடைய தந்தை. நம் நாட்டிலும் பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் உலகப் பந்தயத்தில் வெள்ளி வென்றார். அவர் குமாரி ராஜ்யஸ்ரீ 1968-ல் இதே விளையாட்டுக்காக அர்ஜுனா விருது பெற்றார்.

மகாராஜாக்களுக்கு இது சரி, மாதச் சம்பளக்காரனுக்கு எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. சர்வதேசப் பந்தயத்துக்குரிய அந்நிய நாட்டு ரைபிளின் விலை ஒரு லக்ஷ ரூபாய்க்கும் மேலே. ஆனால் முதல் நாளே அதை வாங்கச் சொல்வது யார்? நாட்டிலேயே செய்யப்படும் சாதாரணக் காற்றுத் துப்பாக்கியால் ஆரம்பப் பயிற்சி தாராளமாக நடக்கும். சங்கத்தின் துப்பாக்கியைத் தந்தையும் குழந்தையும் முறை வைத்துப் பயன்படுத்தலாம். அட்டையும் குண்டும் சில நூறு ரூபாயில் கிடைக்கும். உலகப் புகழ் பெற்ற வீரர்களும் தினந்தோறும் குண்டில்லாமல் வெறுமனே குறி பார்த்துப் பழகுகிறார்கள். அதற்குச் செலவே இல்லை. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ம் வருஷத்து விதிகளின்படி லைசென்ஸும் வேண்டியதில்லை.

குழந்தையின் கையில் துப்பாக்கியா என்று தாய்மார்கள் திடுக்கிடுவதை நாம் இகழவில்லை. காற்றுத் துப்பாக்கி விளையாட்டுப் பொம்மையன்று. கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனாலேயே பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டுமென்கிறோம். நிரம்பியிருந்தாலும் வெறுமையாயிருந்தாலும் குழாயின் வாய் அட்டையை நோக்கியே இருக்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசையைத் தொடலாகாது. நிறுத்தென்ற கட்டளை பிறந்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். குண்டு ஈயமானதால் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. வீட்டில் பெட்டிக்குப் பூட்டும், சாவி பெரியவர் மடியிலும் இருக்க வேண்டும். தோப்பில் காக்கை குருவியைச் சுடுவது வீரமன்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகவும் முடியும். இவ்விதிகளைத் தந்தை வாயால் சொல்வதைவிடத் தாமே கைக்கொண்டு காட்டினால் குழந்தை மறக்காது.

பெற்றோர்களுக்கு இன்னொரு வார்த்தை. விளையாட்டு என்றாலே கல்லூரி இடத்துக்கும் உத்தியோகத்துக்கும் குறுக்கு வழியென்று எண்ணும் வியாதி நம்மிடையே பரவியிருக்கிறது. குழந்தை பதக்கம் கொண்டுவராவிட்டால் முகம் சுளிக்கும் தகப்பன், அதன் கையை நடுங்கச் செய்கிறான்; நடுங்கும் கை ஒருநாளும் குறியை அடையாது. அவரே வரிசையில் நின்று பத்து அட்டைகளைக் கெடுத்துப் பார்க்கட்டும். நடுப்புள்ளி எவ்வளவு சிறிதென்பது அப்போது தெரியும். மகளிடம் தோற்று, அவளிடமே பாடம் கேட்கும் தந்தைக்கு மானம் குறைவதில்லை. அன்று முதல் அவர் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு ஏறும்.

சர்க்காருக்கும் கடமையுண்டு. முதல் லோக்சபைத் தலைவர் மவலங்கர் முன்னின்று 1951-ல் தேசிய ரைபிள் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, இது சீமான்களின் பொழுதுபோக்காகவே நிற்க வேண்டுமென்று கருதியிருக்க மாட்டார். பத்து மீட்டருக்குச் சற்றே நீண்ட கூடமும், பின்னால் உறுதியான சுவரும், குண்டைத் தாங்கும் பெட்டியும், ஒரு பொறுப்பான ஆசிரியரும் இருந்தால் போதும். அத்தகைய கூடம் இல்லாத ஜில்லாத் தலைநகர் உண்டா? நகராட்சிகளும் பள்ளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திறந்துவிட்டு, சங்கத் துப்பாக்கிகளைச் சொற்ப வாடகைக்குக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் கூலிக்காரன் மகனும் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையேல் நாட்டின் திறமையில் பெரும்பகுதி வாசலிலேயே நின்று திரும்பிப் போகும்.

நிமிர்ந்து நிற்கவும், நிதானம் இழக்காதிருக்கவும், கையிலுள்ள சக்தியைக் கட்டளைக்கு அடக்கவும் அறிந்தவனே சுதந்திர நாட்டின் பிரஜை. அந்நியன் நமக்கு மறுத்த அந்தக் கல்வியை நாமே நம் குழந்தைகளுக்கு மறுக்கலாமா?