எல்லாரும் சரியாகத்தான் செய்தார்களாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கட்டட வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கோபம் வரலாம். வரட்டும், முழுசும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் அரியலூரில் என் அண்ணன் மகன் கட்டும் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். கீழே இரண்டு கடை, மேலே வீடு. சென்ட்ரிங் பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது. பிளம்பர் தம்பி சுத்தியும் உளியுமாக பீமை உடைத்துக்கொண்டிருந்தார். கழிவறைப் பைப் இறங்க வழி இல்லையாம். உள்ளே கம்பி பல்லிளித்தது.

"மோல்டு போடும்போதே ஓட்டை விட்டிருக்கலாமேப்பா?" என்றேன்.

"அன்னைக்கு என்னை யாரும் கூப்பிடலை டீச்சர்."

கம்பி கட்டியவரைக் கேட்டால், டிராயிங்கில் பைப்பே இல்லை என்கிறார். டிராயிங் போட்ட இஞ்சினியர் என் மாணவன். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படிப்பான். "டீச்சர், அவங்கவங்க வேலையை அவங்கவங்க சரியாத்தான் செஞ்சாங்க. பிளம்பிங் என் பொறுப்புல வராது" என்றான்.

அங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லாரும் சரியாகச் செய்து பீம் மட்டும் எப்படி உடைந்தது?

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், இஞ்சினியரிங் படிக்கவில்லை. ஆனால் பல வருஷம் பள்ளிக்கு டைம்டேபிள் போட்டவள். ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்துக்குத் தனித்தனியாகப் போட்டுக்கொண்டால், திங்கள்கிழமை முதல் பீரியடில் ஒரே வகுப்பில் மூன்று பேர் நிற்பார்கள், பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒரே தாளில், ஒருவர் பொறுப்பில் போடுகிறோம். கட்டடத்துக்கு அந்த ஒரே தாள் எங்கே?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் (எந்தப் பள்ளி என்பது வேண்டாம்) புதுக் கட்டடம் வந்தது. தண்ணீர்ப் பைப் போன சுவரிலேயே ஸ்விட்ச் போர்டும் வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறி, லைட் போடப் போன ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, கையோடு போயிற்று. அன்றும் எலக்ட்ரீஷியன் பிளம்பரைக் கைகாட்டினார், பிளம்பர் கொத்தனாரைக் கைகாட்டினார்.

சின்னக் கட்டடத்துக்கே இந்தக் கதி. நம் அரியலூரிலேயே 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அந்த மாதிரிக் கட்டடம் என்றால் ஆக்சிஜன் குழாய், ஏசி, ஜெனரேட்டர், லிஃப்ட், தீயணைப்புத் தண்ணீர் என்று எத்தனை குழுக்கள்! விதிகள் இல்லாமலும் இல்லை. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீப்பாதுகாப்பு நான்காம் பகுதி, மின்சாரமும் ஏசியும் லிஃப்டும் எட்டாம் பகுதி, குழாய் வேலை ஒன்பதாம் பகுதி. புத்தகத்தில் தனித்தனிப் பகுதியாக இருக்கலாம். கட்டடத்தில் எல்லாமே ஒரே கூரைக்கு அடியில்தான் முட்டிக்கொள்கின்றன.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீ விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் இறந்துபோனார்கள். யார் மேல் தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அது விசாரிப்பவர்கள் வேலை. நான் கேட்பது பொதுவான கேள்வி. தீ எச்சரிக்கை மணி அடித்தால் லிஃப்ட் தானே தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்து நிற்க வேண்டும் என்றால், லிஃப்ட்காரர், எலக்ட்ரிக்கல்காரர், தீப்பாதுகாப்புக்காரர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டாமா? நீங்கள் கட்டும் கட்டடங்களில் பேசுகிறார்களா?

"அதுக்குத் தனி ஆள் போட்டா செலவு டீச்சர்" என்பீர்கள். போட்ட கான்கிரீட்டை உடைக்கிற கூலி, திரும்பப் பூசுகிற கூலி, பத்து வருஷம் கழித்து ஒழுகும்போது ஆகிற செலவு, இதெல்லாம் யார் கணக்கு? வீட்டுக்காரர் தலையில்தானே?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, உங்களுக்குத் தெரியும். அங்கே 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரியாகவே பிளான் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். பைப்பும் பீமும் முட்டினால் திரையிலேயே தெரிந்துவிடும். அங்கே ஒழுங்காகச் செய்கிற நீங்கள், லீவில் வந்து சொந்த ஊரில் வீடு கட்டும்போது மட்டும் "மேஸ்திரி பார்த்துக்குவார்" என்று விட்டுவிட்டுப் போகிறீர்களே, ஏன்?

சின்ன வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரே தாளில் பீம், பைப், வயர் மூன்றையும் மூன்று கலரில் வரையுங்கள். மோல்டுக்கு முந்தின நாள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போடட்டும். ஏதாவது மாறினால் அந்தத் தாளில் மாறட்டும், வாய்ச்சொல்லில் மாற வேண்டாம். அந்தத் தாள் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு.

அண்ணன் மகன் வருகிற வியாழக்கிழமை மேல்தளத்துக்கு மோல்டு போடுகிறான். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இஞ்சினியர், கம்பி கட்டுபவர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் சென்ட்ரிங் மேலே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கலர் பென்சில் என்னிடம் இருக்கிறது. டீயும் வடையும் என் செலவு. இஞ்சினியர் தம்பி, நீ முதல் ஆளாக வா.