புது வரவுக்கும் வேகக் கட்டுப்பாடு உண்டு

எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்து எட்டு மாதமாகிறது. சங்கக் கூட்டங்களில் பார்க்கும் அன்பர்கள், "என்ன சார், ரயில்வேயிலிருந்து ரிடையராகி இப்போது நாய்க்குச் சேவகமாமே?" என்று கேலி செய்கிறார்கள். உண்மைதான். அந்தச் சேவகத்தில் எனக்கு உறைத்த ஒரு விஷயத்தை, நாய் வளர்க்க ஆசைப்படும் நம் குடும்பங்களுக்குச் சொல்லிவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ராமாபுரத்தில் எங்களோடு இருக்கும் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். இரண்டு வருடமாக நாய் வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வெளிநாட்டு ஜாதி நாய் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆதரவற்ற பிராணிகளைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்துக்குப் போய் ஒரு நாட்டு நாயை அழைத்து வந்தோம். கறுப்பு நிறம், இரண்டு வயதிருக்கும். யாரோ வீட்டில் வளர்த்து, வீடு மாறும்போது கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுப் போனார்களாம். காப்பகத்தில் அதற்குக் 'கரியா' என்று பெயர். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

வந்த அன்று வீடு திருவிழாக் கோலம் பூண்டது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். ஒருவன் காதைத் தொட்டான், ஒருத்தி பிஸ்கட் நீட்டினாள். நாயோ கட்டிலுக்கடியில் போய் ஒண்டிக்கொண்டது. என் மனைவி "வாடா கண்ணா" என்று எத்தனை கொஞ்சியும் அசையவில்லை. மறுநாள் காலை பால்காரர் "பாரோ கரியா" என்று கன்னடத்தில் கூப்பிட்டாரோ இல்லையோ, வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து போயிற்று! அதற்குத் தமிழ் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு எட்டியது. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் கன்னடம் தெரியாமல் திருதிருவென்று விழித்தவன்தான். யாராவது தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஏங்கியவன்தான். அப்படிப்பட்ட எனக்கே ஒரு வாயில்லா ஜீவனின் அந்த நிலைமை புரியவில்லை.

ஐந்தாம் நாள் விபரீதம் நடந்தது. நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேரன் விளையாட்டாகத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அது உறுமியது. அவன் சிரித்தான். அடுத்த நொடி மணிக்கட்டில் பல் பட்டுவிட்டது. சிராய்ப்புதான், ஆனாலும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. குழாயடியில் கையை நீட்டவைத்து, சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, டாக்டரிடம் ஓடினோம். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லியும் அவர் பையனுக்குத் தடுப்பூசியை ஆரம்பித்துவிட்டார். அதுதான் சரி. 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு அந்தத் தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். இன்றைக்கும் வெறிநோய் வருமுன் காக்கத்தான் வழி இருக்கிறது. வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை.

அன்றிரவு வீட்டில் பெரிய வாக்குவாதம். "நாளைக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடலாம் அப்பா" என்றான் மகன். மருமகள் அழுதாள். பெற்ற வயிறு, தப்புச் சொல்ல முடியாது. கடைசியில் பேரன்தான், "தட்டை நான்தானே தாத்தா இழுத்தேன்?" என்றான். யாரும் பதில் பேசவில்லை. எனக்கு மூன்று மாதத் தவணை கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என் வேலை முழுவதும் தண்டவாளத்தோடு. பழைய பாதையை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட இடத்தில், வேலை முடிந்த கையோடு எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். பார்வைக்குப் பாதை நேராகத்தான் இருக்கும். ஆனால் அடியிலுள்ள ஜல்லி இறுகியிருக்காது. முதலில் 20 கிலோமீட்டர் வேகம் என்று கட்டுப்பாடு போடுவோம். ஜல்லியை இறுக்கி, வண்டிகள் ஓடி ஓடிப் பாதை படியப் படிய, வேகத்தைக் கூட்டுவோம். அவசரப்பட்டால் வண்டி தடம்புரளும். குற்றம் பாதையுடையதல்ல, அவசரப்பட்டவருடையது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவேதான்.

மறுநாளே வீட்டில் வேகக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. நாய்க்கு வராந்தாவில் ஒரு மூலை. அங்கே யாரும் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது. வேளாவேளைக்கு ஒருவரே சாப்பாடு வைப்பது, அது சாப்பிடும்போது யாரும் கிட்டே போகாதது, காலையும் மாலையும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடத்திச் செல்வது. விருந்தாளிகளுக்கு இரண்டு வாரம் தடை. நாமாகப் போய்த் தொடாமல், அதுவாக வரும்வரை காத்திருப்பது. என் மனைவிக்குத் தனியாக ஓர் உத்தரவு கால்நடை டாக்டரிடமிருந்து வந்தது: வெங்காய சாம்பார் சாதம் கூடாது, வெங்காயம், திராட்சை, சாக்லெட் மூன்றும் நாய்க்கு ஆகாது.

புது இடத்தில் பயம் தெளிய மூன்று நாள், பழக்க வழக்கம் புரிய மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகத்தார் உத்தேசமாக ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நம் ஊர்த் தசரா யானைகளைப் பாருங்கள். காட்டு முகாம்களிலிருந்து வாரக்கணக்கில் முன்பே அழைத்துவந்து, ஊர்வலப் பாதையில் நடத்தி, பீரங்கிச் சத்தத்துக்கும் பழக்குகிறார்கள். மலை போன்ற யானைக்கே அத்தனை அவகாசம் வேண்டியிருக்க, இந்தச் சின்ன ஜீவனுக்கு நாம் நாலு நாள்கூடக் கொடுக்கவில்லை!

நிற்க. இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. தெரு நாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் ஒரு உத்தரவு பிறப்பித்தது. விருப்பமுள்ளவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து நாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றது. அதே ஆண்டு நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்கச் சொன்னது. காப்பகங்கள் நிரம்பும்போது, மனமிரங்கி நாயை வீட்டுக்கு அழைத்து வருபவர்களும் பெருகுவார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆசையில் அழைத்து வந்து, அவசரத்தில் கெடுத்து, ஆத்திரத்தில் திருப்பி விடுவது, அழைத்து வராமலே இருப்பதைவிடப் பெரிய பாவம் என்பது என் தாழ்மையான கருத்து. ஒரு தடவை கைவிடப்பட்ட நாய் ஏற்கெனவே பயந்துதான் இருக்கும். மறுபடி கைவிட்டால் யாரை நம்பும்?

பிழைக்க வெளியூர் வந்த நமக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிறோமே, அப்போது நாய்? ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் கூப்பே அல்லது கேபின் முழுவதையும் நாமே எடுத்தால்தான் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டிதான். ஸ்லீப்பரிலோ இரண்டாம் வகுப்பு ஏ.சி.யிலோ ஏற்ற முடியாது. வேலை மாற்றம் வந்தாலும் இதே பிரச்சினை. கரியாவைக் கேட்டுக்கு வெளியே விட்டுப்போன குடும்பம் கெட்ட குடும்பமாக இருந்திருக்காது. இதையெல்லாம் முன்கூட்டி யோசிக்காத குடும்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே, நாய் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மூன்று மாதப் பொறுமையும், பத்துப் பன்னிரண்டு வருடப் பொறுப்பும் நம்மிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் தர்மம்தான்.

எங்கள் கரியா இன்னும் பட்டாசுச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடும். கூரியர்காரரைக் கண்டால் இன்றும் ஆகாது. ஆனால் ராத்திரியில் பேரனின் கதவோரம்தான் படுக்கை. திருப்பி விடச் சொன்ன என் மகன் ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். இப்போது "பாரோ" என்றாலும் வருகிறது, "வாடா" என்றாலும் வருகிறது. இத்தனை வருடத்தில் நான் கற்ற கன்னடத்தைவிட, எட்டு மாதத்தில் அது கற்ற தமிழ் அதிகம் என்கிறாள் என் மனைவி.