எடை மட்டுமே அளவுகோல் அன்று

லண்டன் போன்ற பெருநகரில், பிறந்த குழந்தைக்கும் குடைபோல் மடியும் மிக இலேசான தள்ளுவண்டியே போதும் என்னும் வாதம், பெற்றோர் ஏற வேண்டிய படிக்கட்டுகளைக் கணக்கில் கொள்கிறதே தவிர, வண்டியில் கிடக்கும் சிசுவைக் கணக்கில் கொள்வதில்லை. விமானப் பொறியாளர் ஓவன் மக்லாரன் 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அலுமினியச் சட்ட வண்டி நகரப் பெற்றோரின் சுமையைக் குறைத்தது உண்மையே; ஆயினும் அவ்வகை வண்டியின் தொங்கு துணி இருக்கை, தானாக உட்காரத் தெரிந்த குழந்தைக்கே ஏற்றது. கழுத்துத் தசை உறுதிப்படாத சிசு சாய்விருக்கையில் நெடுநேரம் இருந்தால், தலை முன்சரிந்து மோவாய் மார்பில் படிய, மூச்சுப்பாதை நெருக்குண்ணக்கூடும். எனவே, முதுகு முழுவதும் மட்டமாகப் படியும் சமதளப் படுக்கை முதல் மாதங்களில் இன்றியமையாதது.

வண்டி எளிதில் மடிய வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது: பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை, பேருந்திலோ, சக்கர நாற்காலிக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அப்பயணிக்கே முன்னுரிமை என்பதால், வண்டியை மடித்து இடம்விடுவது பெற்றோரின் கடமை. ஆனால் மடிப்புக்கும் சமதளப் படுக்கைக்கும் பகையில்லை. இரண்டும் ஒருங்கே அமைந்த வண்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆகவே, பெற்றோர் முதலில் படுக்கையையும், அடுத்து மடிப்பையும், இறுதியாகவே எடையையும் சோதித்து வாங்க வேண்டும்.