உறங்கச் சொல்வது தீர்வன்று

மெய்நிகர் கணினிகளைத் தானாக அமைக்கும் நிரல் அவ்வப்போது தவறினால், ‘ஸ்லீப் 30’ என்றொரு வரியைச் சேர்த்துவிட்டுப் பிழை நீங்கியதாக அறிவிப்பது பல ஆய்வகங்களில் வழக்கமாகிவிட்டது. அது திருத்தமன்று; பிழையை ஒளித்துவைத்தல்.

கணினி ‘இயங்குகிறது’ என்பது நிகழ்காலம். ‘ஆயத்தமாயிற்று’ என்பது இறந்தகாலம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழையின் வேர். எஸ்எஸ்எச் இணைப்பு கிடைத்த பின்னரும் கிளவுட்-இனிட் தன் இறுதிக் கட்டத்தை முடிக்காதிருக்கலாம். உபுண்டுவில் பின்னணியில் ஓடும் தானியங்கிப் புதுப்பிப்பு டிபிகேஜி பூட்டைப் பிடித்திருந்தால், நிறுவல் கட்டளை தோற்கும். 30 நொடி இன்று போதும். வட்டு மந்தமான நாளில் போதாது. விரைவான நாளில் வீண்.

காலத்தை ஊகிப்பதை விடுத்து, நிலையைக் கேட்டறிய வேண்டும். ‘கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் --வெயிட்’ என்ற கட்டளை பணி முடியும்வரை காத்திருக்கும். தோல்வியெனில் அதையும் சொல்லும். காத்திருப்புக்கு ஓர் உச்சவரம்பும், அதைக் கடந்தால் உரத்த பிழைச்செய்தியும் போதும்.

அரைகுறையாய் அமைந்த கணினியில் ஓடிய சோதனையின் எண்களே பின்னர் ஆய்வேட்டில் ஏறுகின்றன. ‘இன்னொருமுறை ஓட்டிப் பார்’ என்று மாணவரைத் திருப்பியனுப்பும் துறை, முடிவுகளின் மீள்நிகழ்த்தலைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவது எந்த நேர்மையில்?